கருமேகம் தீட்டும் இலக்கணம்: ஒரு மொட்டைமாடி ஆய்வு

மழைமேகம் என்று எண்ணிக் கணினித் திரையில் தீட்டப்படுவது, பார்ப்பவர் கண்ணுக்கு மழைமேகமாகப் படாமை ஏன் என்பதே இக்கட்டுரை ஆராயும் சிக்கல். நாட்டில் இதைவிடப் பெரிய சிக்கல்கள் உண்டு என்பார் உளர். அவர்கள் வேறு கட்டுரை எழுதுக.

ஆய்வுக்களம், சென்னையில் ஒரு வாடகை வீட்டின் பின்னறை. காலம், ஐப்பசி. கருவிகள், தவணையில் வாங்கிய பேனா டேப்லெட்டும் காசில்லாமல் கிடைக்கும் க்ரிட்டா மென்பொருளும். (சுவீடிஷ் மொழியில் 'க்ரிட்டா' என்றால் சாக்பீஸ். சாக்பீஸைக் கொண்டு கருமேகம் தீட்டப் புகுந்ததே முதற்பிழை என்று பின்வரும் ஆய்வாளர் எழுதக்கூடும், இப்போதே ஒப்புக்கொள்கிறோம்.) தீட்டப்பட்ட மேகங்கள் 11. தீர்ப்பாளர் மூவர்: அம்மா, மனைவி, தெருமுனை இஸ்திரிக்காரர்.

முதல் மேகம் சுத்தக் கறுப்பில், மெத்தென்ற வட்டப் பிரஷ்ஷால் தீட்டப்பட்டது. "எங்கயோ டயர் எரியுதா?" என்றார் மனைவி. இரண்டாவதற்கு ஓரங்களைக் கூராக்கினோம். "எருமை படுத்திருக்கு. கொம்பு மட்டும் போடல" என்றார் அம்மா. மூன்றாவதை இஸ்திரிக்காரர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "கரி சரியாப் பிடிக்காதப்ப பொட்டியத் தொறந்தா இப்படித்தான் சார் வரும்" என்றார். நான்காவதை அவர் பார்க்க மறுத்துவிட்டார்.

மேகங்களை வகைப்படுத்தும் முயற்சி புதிதன்று. லண்டனில் மருந்து தயாரித்து விற்றுக்கொண்டிருந்த லூக் ஹோவர்டு, 1802-இல் ஒரு சிறு அறிவியல் சங்கத்தில் கட்டுரை படித்து, மேகங்களுக்கு லத்தீன் பெயர்கள் சூட்டினார். சிர்ரஸ், குமுலஸ், ஸ்ட்ராட்டஸ். மழை பொழிவதற்கு நிம்பஸ். இன்றுவரை வானிலையாளர் வாயில் புழங்குவன அவையே. டயர், எருமை, இஸ்திரிப்பெட்டி ஆகிய வகைகள் அவர் பட்டியலில் இல்லை. லண்டன் வானம் அவருக்கு அவற்றைக் காட்டவில்லை போலும்.

தமிழிலோ பெயர்களுக்குப் பஞ்சமில்லை. முகில், மங்குல், எழிலி, மஞ்சு, கொண்டல் என அடுக்கலாம். நீரை உட்கொண்டது கொண்டல். ஆனால் நிறச் சக்கரத்தில் பேனாமுனையை எங்கே வைப்பது என்று கேட்டால் இவற்றில் பல வாய் திறப்பதில்லை. திறக்கும் இன்னொரு பெயர் 'கார்'. மேகமும் கார், கருமையும் கார். அச்சொல்லை நம்பித்தான் சுத்தக் கறுப்பை அள்ளிப் பூசினோம். அற்றேல், காருக்குக் கறுப்பு பூசியது பிழையாவது எவ்வாறு எனின், கூறுதும்.

மேகத்தில் கறுப்பு என்று ஒரு பொருளே இல்லை. இருப்பது நீர்த்துளி. ஒரு மழைத்துளி உருவாக ஏறத்தாழ பத்து லட்சம் மேகத்துளிகள் கூடவேண்டும்; அவ்வளவு சிறியது மேகத்துளி. அது வெயிலை விழுங்குவது மிகக் குறைவு. எல்லா நிறத்தையும் பாகுபாடின்றித் திருப்பி எறிகிறது. இடிமேகம் எங்கள் பக்கத்தில் 12 கிலோமீட்டருக்கு மேலும் எழும்பக்கூடியது. அவ்வளவு தடிப்பில் மேலிருந்து விழும் ஒளியில் பெரும்பகுதி மேலேயும் பக்கவாட்டிலும் திரும்பிவிட, மிச்சம் மீதிதான் அடிவயிற்றுக்கு வந்துசேரும். ஆகவே ஒரே மேகம், மொட்டைமாடியில் நிற்பவருக்குக் கறுப்பு, விமானத்தில் போகிறவருக்கு வெள்ளை. டிக்கெட் விலைக்கேற்ற நிறம்.

இதைப் படித்ததும் ஆர்வம் பீறிட்டு, லேயர் மேல் லேயராக அடுக்கி 'மல்டிப்ளை' முறையில் சேர்த்தோம். அம்முறையின் கணக்கு கொடியது. 0 கறுப்பு, 255 வெள்ளை. 128 அளவுள்ள நடுச்சாம்பல் மேல் இன்னொரு 128-ஐ வைத்தால் கிடைப்பது 64. மூன்றாவது லேயரில் 32, நான்காவதில் 16. நான்கே லேயரில் ஐப்பசி மேகம் அடுப்புக்கரி ஆகிவிடும். ஆறாவது மேகம் இவ்வாறு முடிந்தது. ஏழாவதைக் கண்டபோது அம்மா சொன்ன வாக்கியமே இவ்வாய்வின் திருப்புமுனை: "என்னமோ இருக்கு. ஆனா இதப் பாத்தா மாடில துணி எடுக்கணும்னு தோணலியேடா."

இதனினும் கறாரான அளவுகோல் எக்கலைக்கழகத்திலும் வகுக்கப்பட்டதாகத் தெரியவில்லை. இதற்குத் துணியெடுப்புச் சோதனை என்று பெயரிட்டோம். கண்டவர் கால் தானாக மாடிப்படி ஏறினால் அது மழைமேகம், ஏறாவிட்டால் அன்று.

மாவு மில்காரர் மகனான ஜான் கான்ஸ்டபிள், 1821, 1822-இல் லண்டன் அருகே ஹாம்ஸ்டெட் மேட்டில் நின்று மேகங்களை மட்டுமே எண்ணெய் வண்ணத்தில் தீட்டித் தள்ளினார். பல படங்களின் முதுகில் தேதி, நேரம், காற்றடித்த திசை வரை குறித்துவைத்தார். அவரிடம் 'அண்டூ' பொத்தான் இல்லை. எங்களிடம் இருக்கிறது, எட்டாவது மேகத்தில் அதை அழுத்திய எண்ணிக்கையைக் கௌரவம் கருதி மறைக்கிறோம்.

விடைக்கு நெருங்கியது பாரிஸ் வழியாக. கோபிலின் திரைச்சீலை நெசவாலையின் சாயப்பிரிவுத் தலைவராக இருந்த ஷெவ்ரலிடம், கறுப்பு நூல் போதிய கறுப்பாக இல்லை என்று புகார் வந்தது. சோதித்தார், சாயத்தில் குற்றமில்லை. பக்கத்தில் நெய்யப்பட்ட நிறங்கள்தாம் கறுப்பைக் கெடுத்திருந்தன. 1839-இல் இதை விரித்துப் பெரிய நூலாகவே எழுதினார். நிறத்தின் குணம் அண்டைவீட்டாரைப் பொறுத்தது என்க. வாடகைக்குக் குடியிருப்போர் இதை நூலின்றியே அறிவர்.

மாடிக்குப் போய்ப் பார்த்தோம். கிழக்கே மேகம், மேற்கே இன்னும் வெயில். வெயில் பட்ட எதிர்வீட்டு வெள்ளைச் சுவருக்குப் பின்னால் மேகம் பயமுறுத்தியது. எங்கள் கறுப்புத் தண்ணீர் டேங்குக்குப் பின்னாலோ, அதே மேகம் துவைத்துத் துவைத்து வெளுத்துப்போன பள்ளிச் சீருடைபோலத் தெரிந்தது. பத்தாவது மேகம் வரை டேங்கையும் சேர்த்தே வரைந்திருந்தோம். பதினொன்றாவதில் டேங்கை அழித்துச் சுவரை வைத்தோம்.

எஞ்சியது நிறம். கூடத்தில் தொங்கும் சிவகாசிக் காலண்டர் அங்கே உதவிற்று. முகில்வண்ணன், கார்வண்ணன் என்றெல்லாம் பெயர் பெற்ற பெருமாளை, கோவில்பட்டி கொண்டையராஜு காலம்தொட்டுக் காலண்டர் ஓவியர்கள் நீலமாகத்தானே தீட்டி வருகிறார்கள்? மேகத்தின் நிறம் கொண்டவர் நீலம் எனின், மேகம்? சிறுவயது முதல் நாள்தோறும் தாள் கிழித்த இடத்திலேயே விடை தொங்கியிருக்கிறது.

கருதுகோளைச் சரிபார்க்க நல்ல மேகம் ஒன்று வேண்டியிருந்தது. மறுநாள் மூன்று மணிக்குக் கிழக்கிலிருந்து அது வந்தது. ஜன்னல் வழியே கைபேசியில் படமெடுத்துக் கணினிக்கு ஏற்றி, நிறமெடுக்கும் கருவியால் இருண்ட இடத்தைத் தொட்டோம். சிவப்பு 96, பச்சை 108, நீலம் 121. இன்னோர் இடம், மற்றோர் இடம். எங்கும் நீலமே ஓங்கியிருந்தது. கறுப்பு ஓரிடத்திலும் இல்லை. ஒவ்வோர் எண்ணையும் நோட்டுப்புத்தகத்தில் குறித்து முடிக்க அரைமணி ஆயிற்று. ரேஷன் கடைக்குப் போயிருந்த அம்மா சொட்டச்சொட்ட உள்ளே வந்தார்.

"கண்ணு முன்னாடி மானம் இப்படி இருட்டிக்கிட்டு நிக்குது. துணிய எடுக்கணும்னு தோணலியாடா உனக்கு?"

நனைந்தவை: வேட்டி 2, புடவை 3, போர்வை 1. மேகத்தை அரைமணி நேரம் இமைகொட்டாமல் பார்த்த ஆய்வாளரின் கால் மாடிப்படி ஏறவில்லை. ஆகவே மேலே வகுத்த அளவுகோலின்படி, அன்று வந்தது மழைமேகமே அன்று.