வேப்பனப்பள்ளி அளபெடை: கூவலும் மாத்திரையும் குறித்த ஒரு முன்னோட்ட ஆய்வு

உயிரும் ஒற்றும் தம் மாத்திரையை மீறி ஒலிக்கும் இடங்கள் இசை, விளி, பண்டமாற்று முதலியன என்கிறது நன்னூல். வகுப்பில் இசை முடிவதற்குள் மணி அடித்துவிடும். பண்டமாற்று, அதாவது கூவி விற்றல், சிலபஸில் இருந்தும் இல்லாத பகுதி. அக்குறையைத் தீர்க்கவே இவ்வாய்வு.

களம் கிருஷ்ணகிரி மாவட்டத்து எல்லையோர ஊரான வேப்பனப்பள்ளி. காரணம் உண்டு. பவணந்தியாரை நன்னூல் எழுதச் சொன்ன சீயகங்கன் கோலார்க் கங்கர் வழியினன். மூன்றாம் குலோத்துங்கன் காலத்தவன். இங்கிருந்து வடக்கே போனால் கோலார் மாவட்டம்தான். சூத்திரத்தை எழுதச் சொன்னவனின் பூர்விக வட்டாரத்திலேயே அதைச் சோதிப்பது முறை.

முதலில் கண்டக்டர்கள். 'கிருஷ்ணகிரி' எழுத்துக் கணக்கில் ஐந்தரை மாத்திரை. பஸ் படியில் அது 'கிஷ்ணகிரி, கிஷ்ணகிரி, கிஷ்ணகிரீஈஈ' ஆகிறது. முதல் இரண்டிலும் ஒவ்வொரு மாத்திரை பிடித்தம். மூன்றாவதில் வட்டியோடு பட்டுவாடா. இன்னும் பெரிய வியப்பு கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் இருக்கிறது. மெய் நீண்டொலிக்கும் ஒற்றளபெடைக்கு உரிய எழுத்துகள் 11. அவற்றில் 'ம்' உண்டு, 'ர்' கிடையாது. 'குப்பம்ம்ம்' என்று கூவுகிறவர் 'ஓசூர்ர்ர்' என்று ஒருநாளும் கூவமாட்டார், 'ஓசூஊஊர்'தான். நன்னூலைப் படிக்காமலே நன்னூல்படி நடக்கும் துறை, தமிழ்நாட்டில் எனக்குத் தெரிந்து போக்குவரத்து ஒன்றுதான்.

கூவலுக்கு அடுத்தது கண்டக்டரின் விசில். 1945-ல் அமெரிக்க மொழியியலார் கென்னத் பைக், அழுத்தத்துக்குத் தாளம் போடும் மொழிகள், அசைக்குத் தாளம் போடும் மொழிகள் என இரு வகை கண்டார். விசிலுக்குத் தாளம் போடும் மூன்றாம் வகை அவருக்குச் சிக்கவில்லை. ஒரு விசிலுக்கு நிற்கும், இரண்டு விசிலுக்குக் கிளம்பும் வண்டியில், பாட்டியின் பேரன் கல்யாணக் கதை எந்த மொழியில் இருந்தாலும் நடுவிலேயே அறுபடும்.

இனி தக்காளி வண்டி. ஒரே வாசலில் மூவர் விலை கேட்கிறார்கள்: "எவ்ளோண்ணா?" "எந்தண்ணா?" "எஷ்டண்ணா?" வண்டிக்காரர் தலை நிமிராமல், தராசுத் தட்டைத் துடைத்தபடியே அவரவர் மொழியில் பதில் சொல்கிறார்: இருவது, இரவை, இப்பத்து. ராகம் ஒன்றே, கடைசி அசையில் ஒரே சரிவு. ஆனால் குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரை கழித்தால் தமிழ் 'இருவது' மூன்றரை மாத்திரை. கன்னட 'இப்பத்து'வும் மூன்றரை. ஐகாரம் குறுகுவதால் தெலுங்கு 'இரவை' மூன்றே. தெலுங்கில் கேட்பவருக்கு அரை மாத்திரை தள்ளுபடி! எல்லைப்புறத்தில் இதுவரை யாரும் இதற்காக மறியல் செய்யாதது ஆச்சரியம்.

அண்மைக்காலமாக வண்டியில் ஒலிபெருக்கி ஏறிவிட்டது. பதிவான குரல் 'தக்காளீஈஈ'யைக் காலை முதல் மாலை வரை ஒரே அளவில் நீட்டுகிறது. வெயில் ஏறி, தக்காளி கனிந்து, வியாபாரி வேறு மனநிலைக்கு வந்த பிறகும் அதன் சுருதி இறங்குவதில்லை. எனவே மதியத்துக்கு மேல் அவரே அதை அணைத்துவிட்டு, பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கும்படி வாய்க்குள் ஒரு விலை சொல்கிறார். அந்தக் குறுக்கம் ரூபாயில் நிகழ்வதால் நன்னூலின் எல்லைக்குள் வராது. பையை எடுத்துக்கொண்டு நேரில் போய்த்தான் அளக்க வேண்டும்.