பாயைச் சுருட்டச் சொன்ன கவிஞர்: கேள்வி-பதில்

கேள்வி: அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் மாயா ஏஞ்சலோ, எவ்வளவு தாழ்த்தினாலும் எழுவேன் என்று பாடி 1978-இல் வெளியிட்ட கவிதையைப் படித்த என் மகள், "நம்ம பக்கத்துல இப்படி நிமிர்ந்து பாடினவங்க யாரும்மா?" என்கிறாள். என்ன சொல்வது? (வாசகி, அம்பத்தூர்)

பதில்: ஞாயிற்றுக்கிழமை மகளைப் பூந்தமல்லி வழியாகத் திருமழிசைக்குக் கூட்டிப் போங்கள். அங்கே அவதரித்த திருமழிசை ஆழ்வாரை வளர்த்தது, பிரம்பறுத்துப் பிழைத்த ஒரு தம்பதி என்கிறது குருபரம்பரைக் கதை. பெரும்புலியூரில் அவரைக் கண்டதும், அவர் குலத்தைத் தாழ்வாக எண்ணி, வேதம் ஓதியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். மறுபடி தொடங்கப் பார்த்தால், விட்ட இடம் மறந்துபோயிற்று! ஒரு கருநெல்லை நகத்தால் கீறிப்போட்டு, அந்த இடத்தைக் குறிப்பால் உணர்த்தியவர் ஆழ்வார்தான்.

காஞ்சிபுரத்துக் கதை இதைவிடப் பெரிது. தன்னைப் பாட மறுத்த கணிகண்ணனைப் பல்லவ மன்னன் ஊரைவிட்டுப் போகச் சொன்னான். கணிகண்ணன் ஆழ்வாரின் சீடர். சீடர் கிளம்பியதும் ஆழ்வாரும் கிளம்பினார். போகிற போக்கில், பள்ளிகொண்ட பெருமாளையும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வரும்படி பாடினார். பெருமாளும் எழுந்து நடந்தார். மன்னன் ஓடிவந்து பணிந்த பிறகே மூவரும் திரும்பினார்கள். அந்தப் பெருமாளுக்குச் 'சொன்ன வண்ணம் செய்த பெருமாள்' என்று பெயர்.

மகளிடம் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள். அவமதிக்கப்பட்டவர் சீடர், மூட்டை கட்டியவர் ஆசான். அடுத்தவருக்கு நேர்ந்த இழிவைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்ட கவிதை அது.

கேள்வி: கவிதை படித்தால் சாதி போய்விடுமா? (வாசகர், பூந்தமல்லி)

பதில்: போகாது. உங்கள் ஊர்த் திருக்கச்சி நம்பி பிராமணரல்லாதவர்; அவரை ராமானுஜர் குருவாக மதித்தார். ஆனாலும் நம்பி சாப்பிட்டுப் போனதும் ராமானுஜரின் மனைவி அந்த இடத்தை மெழுகித் தீட்டுக் கழித்தார் என்றுதான் கதை சொல்கிறது. வேதாந்தம் தெரிந்த வீட்டிலேயே அந்த நிலை.

கேள்வி: நிறவெறி அமெரிக்காவின் வியாதி. நமக்கென்ன? (வாசகர், ஆவடி)

பதில்: ஆவடியிலிருந்தா இந்தக் கேள்வி? 2022-இல் உங்கள் ஊர் நரிக்குறவர் மாணவிகள் தங்கள் நிலையைத் துணிந்து பேசிய காணொளி தமிழகமெங்கும் பரவியது. முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அவர்களை அழைத்துப் பேசினார். ஏப்ரலில் ஆவடிக்கே வந்து மாணவி ஒருவர் வீட்டில் சாப்பிட்டார். நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கலாம் என்று மத்திய அரசு அமைத்த லோகூர் குழு பரிந்துரைத்தது 1965-இல். நாடாளுமன்றம் அதற்கான சட்டத்தை நிறைவேற்றியது 2022 டிசம்பரில். ஐம்பத்தேழு ஆண்டுகள்! அத்தனை காலமும் ஊசிமணி, பாசிமணி வாங்கிய நாம் அவர்களுக்காக ஒரு மனுவிலாவது கையெழுத்துப் போட்டோமா?

கேள்வி: எங்கள் ஷெட்டில் ஒடிசாப் பையன்களை "ஏய் வடக்கா" என்றே கூப்பிடுகிறார்கள். தடுத்தால், "உனக்கென்ன?" என்கிறார்கள். (வாசகர், அம்பத்தூர் எஸ்டேட்)

பதில்: தடுப்பதை நிறுத்தாதீர்கள். பாரதியின் 'முரசு' பாட்டில் வருகிற பூனைக்குட்டிகளை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்; நிறம் வேறானாலும் எல்லாம் ஒரே தாய் ஈன்றவை. ஃபிஜித் தீவுக் கரும்புத் தோட்டத்தில் வதைபட்ட நம் பெண்களுக்காகக் கதறியதும் அதே பாரதிதான். பிழைக்கப் போன இடத்தில் நம்மவர் பட்ட பாட்டை நாம் மறந்தோமா? 2023 மார்ச்சில், பீகார்த் தொழிலாளர்கள் இங்கே தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் கிளம்பின. பலர் பயந்து ரயிலேறினார்கள். நிலைமையைப் பார்க்கப் பீகார் அரசு ஒரு குழுவையே அனுப்பியது. பெயர் சொல்லிக் கூப்பிட உள்ளூரில் நாலு பேர் பழகியிருந்தால், பயந்த தொழிலாளர்கள் அந்த நாலு பேரிடமே கேட்டுத் தெளிந்திருப்பார்கள்.

நாளைக்கே பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஷெட்டில் பவர் பிரஸ் எந்திரத்தின் பக்கத்தில் தமிழில் மட்டும் எச்சரிக்கைப் பலகை இருந்தால், ஒடியாவிலும் ஒன்று மாட்டச் சொல்லுங்கள். எழுத அந்தப் பையன்களில் ஒருவரையே கேளுங்கள்.