பங்காளி வீட்டுத் தகரம்

வாங்க மாப்ள, உக்காருங்க. நாகப்பட்டினம் துறைமுகத்துல கூண்டு ஏத்திட்டாங்களாமே? டிவிக்காரன் சுழியைக் காட்டக் காட்ட நீங்களும் கண்ணெடுக்காம பாத்துக்கிட்டே இருக்கீங்க. மெழுகுவத்தி பெட்டி பெட்டியா வாங்கியாச்சு. தீப்பெட்டி? அதானே பாத்தேன்.

பக்கத்து வீட்டுப் பங்காளியோட உங்களுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. ரெண்டு முழ வேலித் தகராறு, ஊருக்கே தெரியும். நான் சமாதானம் பேச வரல. பகையைப் பத்திரமா எடுத்து வச்சுட்டுத் தை மாசம் தொடருங்க. ஆனா அவரு மாட்டுக்கொட்டகையில நாலு தகரம் ஆணி கழண்டு ஆடுதே, பாத்தீங்களா? புயல் கரையேறுறப்ப மொதல்ல வடக்கேருந்துதான் அடிக்கும். அவரு வீடு வடக்கால, நீங்க தெக்கால. தகரம் யாரு வாசலுக்கு வரும்னு கணக்குப் போட்டுக்கங்க.

அப்பறம் காத்து சட்டுனு நிக்கும். முடிஞ்சுதுன்னு வெளிய வந்து சுருட்டுப் பத்த வைக்கிற மகராசனுங்க எல்லா ஊர்லயும் உண்டு. முடியல மாப்ள, புயலோட கண்ணு நம்ம தலைக்கு மேல வந்துருக்கு. அது நகந்ததும் தெக்கேருந்து திருப்பி அடிக்கும். அப்ப உங்க கொல்லையில வடக்கால சாஞ்சு நிக்குதே தென்னை, அது அவரு ஓட்டு மேலதான். வட்டியும் மொதலுமா திருப்பிக் குடுத்துருவீங்க.

அதனால நல்லெண்ணமெல்லாம் வேணாம், சுயநலம் போதும். தகரத்து மேல மணல் மூட்டை அடுக்கணும். ஏணி அவருகிட்ட, சிமெண்டுச் சாக்கு உங்ககிட்ட. தென்னையில முத்துன மட்டையையும் குலையையும் கழிச்சுட்டா மண்டை கனம் குறையும், காத்துக்கும் புடி இருக்காது. அவரு மகனுக்கு மரமேறத் தெரியும். நீங்க ஏறினா புயலுக்கு முன்னாடியே உங்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும். 2018 நவம்பர்ல கஜா வந்துட்டுப் போனப்பறம் கரண்டு இல்லாம, மாடித் தொட்டிக்குத் தண்ணி ஏத்த ஜெனரேட்டரை வாடகைக்குத் தேடி அலைஞ்சது மறந்துபோச்சா? மியூசியத்துக்குக் குடுக்கலாம்னு நீங்க சிரிச்ச அடிபம்பும் அந்த வீட்டுலதான் இருக்கு.

இன்னொண்ணு, அந்த வீட்டு ஆத்தா. பள்ளிக்கூடத்துல போய்த் தங்கச் சொன்னா மகன் பேச்சைக் கேக்காது, கோழியை விட்டுட்டு வரமாட்டேன்னு கட்டில்காலைப் புடிச்சுக்கும். நீங்க போய் பஞ்சாரத்தைத் தூக்கிக்கிட்டு முன்னால நடங்க. கோழி போற வழியில ஆத்தாவும் வந்துரும், உங்களை வைதுக்கிட்டே.

போறப்ப மட்டும் ஒண்ணு. உதவி செய்ய வந்தேன்னு சொல்லிடாதீங்க. அவரு மானஸ்தரு, வாசலோட அனுப்பிருவாரு. "அண்ணே, ஏணி கொஞ்சம் வேணும்"னு உதவி கேட்டுப் போங்க. இல்லைன்னு சொல்ல வாய் வராது.

அட, அந்த அரிவாளை எங்க எடுத்துக்கிட்டுக் கிளம்புறீங்க? மட்டை கழிக்க அவரு வீட்டுலயே இருக்கு. இருவது வருசம் கழிச்சு அந்த வேலியைத் தாண்டுறீங்க, கையில அரிவாளோட போனா புயலுக்கு முன்னாடி போலீசுதான் வரும். வச்சுட்டுப் போங்க.