தோட்டத்து டேவானில் மனித உரிமை வகுப்பு நடத்துவது எப்படி?

கேமரன் மலைக்கு மனித உரிமை வகுப்பு எடுக்கக் கிளம்பும் அமைப்பாளரே, முதல் வேலையாகப் பேனர் அடியுங்கள். டேவான் மண்டபச் சுவர் எத்தனை அடி என்று கேட்டு, அதைவிட இரண்டடி கூடுதலாக. தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறிவந்த தலைசுற்றல் தீர்வதற்குள், தேயிலைச் சரிவு பின்னால் தெரிய அதைக் கட்டிப் படம் எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வேலைநாளாகப் பார்த்துக் காலை பத்து மணிக்கு வையுங்கள். கொழுந்தை நிறுத்துக் கிலோ கணக்கில் கூலி வாங்குகிறவர்கள் அப்போது மலையில் இருப்பார்கள். டேவானில் பாட்டிமாரும் ஆயாக்கொட்டகைப் பிள்ளைகளும்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், எல்லாரும் வந்துவிடுவார்கள். மக்கள் பிரதிநிதி ஒய்.பி. வருகிறார் என்றால் இன்னும் வசதி, ஒரு மணி நேரம் மாலைக்கே போய்விடும்.

பேச்சை 1948-இல் பாரிஸிலிருந்து தொடங்குங்கள். உலக மனித உரிமைப் பிரகடனம், மொத்தம் 30 பிரிவுகள். மலாயில் படியுங்கள், இல்லையேல் ஆங்கிலத்தில். தமிழிலும் அது கிடைக்கிறது, ஆனால் புரிந்து தொலைக்கும். பிறகு மலேசிய மனித உரிமை ஆணையமான சுஹாகாம்: 1999-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த ஆணையத்துக்குச் சொன்ன முதல் பணியே மனித உரிமை விழிப்புணர்வும் கல்வியும்தான். இதைச் சொன்னதும் முன்வரிசை கைதட்டும். முன்வரிசை உங்கள் ஆட்கள்.

இனிமேல்தான் ஜாக்கிரதை. 1990-இல் வந்த 446-ஆம் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. தொழிலாளர் வீடும் பிள்ளைக் காப்பகமும் எந்தத் தரத்துக்குக் குறையக்கூடாது என்று சொல்லும் சட்டம். தோட்டத்தில் காய்கறி போடவும் மாடு மேய்க்கவும் முதலாளி நிலம் ஒதுக்க வேண்டும் என்றுகூட அதில் உண்டு. வாயே திறக்காதீர்கள். பாரிஸைப் பற்றிப் பேசினால் கொட்டாவி விடுவார்கள். லயத்துக் கூரையைப் பற்றிப் பேசினால் வீட்டுக்குப் போய் அண்ணாந்து பார்ப்பார்கள்.

'அனைவரும் சமம்' என்ற பகுதிக்கு ஆள் தேவை. இப்போது மலையில் வேலை செய்பவர்களில் வங்காளதேசத்தவரும் நேப்பாளிகளும் இருக்கிறார்கள். ஒருவரைப் படத்துக்கு நிறுத்துங்கள், மொழிபெயர்ப்பாளர் வீண் செலவு. பக்கத்துக் கிராமத்துச் செமாய்ப் பழங்குடிப் பெரியவர் ஒருவரையும் அழைக்கலாம். பரம்பரை நிலம் என்று அவர் ஆரம்பித்தால் உடனே தேநீர் இடைவேளை. தேயிலை மலையில் அதற்கா பஞ்சம்?

எப்படியும் கடைசி வரிசையிலிருந்து ஒரு பாட்டி எழுந்து வருவார். பிளாஸ்டிக் உறையில் சுற்றிய சிவப்பு ஐ.சி., அதாவது அடையாள அட்டை, கையில் இருக்கும். "நான் இங்கனயே பொறந்தவ ஐயா. எம் பேத்திக்கு நீலம், எனக்கு மட்டும் ஏன் செவப்பு?" நீலம் என்றால் குடிமகள். சிவப்பு என்றால் நிரந்தரவாசி, குடியுரிமையும் இல்லை, ஓட்டும் இல்லை. இதற்கு உங்கள் 30 பிரிவுகளும் உதவாது. பாரம் நிரப்பத் தெரிந்த ஒருவர் மாதாமாதம் ஒரு மேசை போட்டு உட்கார்ந்து, பிறப்புப் பத்திரம் தேடி, பதிவிலாகாவுக்கு அவரோடு கூடவே போய்வர வேண்டும். அதற்கு எவன் நிதி தருவான்? "நல்ல கேள்வி பாட்டி" என்று சொல்லிவிட்டு நன்றியுரைக்குப் போய்விடுங்கள். நானும் இப்படித் தப்பித்தவன்தான்.

நற்சான்றிதழ் எல்லாருக்கும் கொடுங்கள், பாட்டிக்கும்தான். அவர் அதையும் அந்த உறைக்குள்ளேயே பத்திரமாக வைத்துக்கொள்வார்.

கிளம்பும்போது பேனரை மட்டும் கழற்றாதீர்கள். கனத்த பிளாஸ்டிக், சுவரைவிட இரண்டடி நீளம். ஒழுகும் கூரைக்கு அளவாக இருக்கும்.