மூன்று படம், ஒரே மண்டபம்

கேள்வி: திருநெல்வேலியின் குறுக்குத்துறைக் கல்மண்டபத்தில் நின்று ஆற்றைப் படமெடுத்தேன். தூண் தெரிந்தால் ஆறு வெளுக்கிறது. ஆறு தெரிந்தால் தூண் கரியாகிறது. காமிராவில் கோளாறா? (வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: கோளாறு காமிராவிலும் இல்லை, உங்களிடமும் இல்லை, சூரிய பகவானிடம் முறையிடவோ நமக்கு அதிகாரம் இல்லை. நடுப்பகல் வெயிலின் ஒளியளவு ஏறத்தாழ 1 லட்சம் லக்ஸ். மண்டபத்துக்குள் 100 லக்ஸ் கிடைத்தால் அது கல்தச்சரின் தயாளம். இந்த ஆயிரம் மடங்கு வித்தியாசத்தைப் படக்காரர்கள், ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் இரட்டிப்பதால், 10 ஸ்டாப் என்பார்கள். நம் கண்ணோ, தூணைப் பார்க்கையில் பாவையை விரித்தும் ஆற்றைப் பார்க்கையில் சுருக்கியும், அடுத்தடுத்துக் கண்டவற்றை மூளையிடம் ஒப்படைத்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே க்ஷணத்தில் கண்டதாக நம்மிடம் சாதிக்கிறது. அந்தச் சாமர்த்தியம் அறியாத காமிராவைக் கொண்டு, வெயிலுக்கு ஒன்றும் நிழலுக்கு ஒன்றும் இடைப்பட்டதற்கு ஒன்றுமாக மூன்று படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் செம்மையாக விழுந்த பாகத்தைச் சேர்த்து ஒன்றாக்குவதே வழி.

கேள்வி: இப்படிப் பல படங்களை ஒன்றாக்குவது கம்ப்யூட்டர் வந்தபின் வந்த மோசடிதானே? (வாசகர், அம்பாசமுத்திரம்)

பதில்: கம்ப்யூட்டரின் மீது வீண்பழி! 1850-களிலேயே பிரான்சு தேசத்துக் குஸ்தாவ் லெ கிரே, அக்காலத் தகடுகள் நீல ஒளியைப் பேராசையுடன் விழுங்கி வானத்தை வெறும் வெள்ளைத் தாளாக்கிய காரணத்தால், கடலுக்கு ஒரு நெகட்டிவும் வானத்துக்கு ஒரு நெகட்டிவும் எடுத்து, தொடுவானக் கோட்டில் இணைத்து அச்சிட்டார். 1858-ல் மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்த சென்னை சர்க்காரின் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப்போ இன்னும் துணிந்தவர். தம் நெகட்டிவ்கள் சிலவற்றில் தூரிகையாலேயே மேகம் தீட்டிவிட்டார். 1997-ல்தான் பால் டெபெவெக்கும், கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற ஜிதேந்திர மாலிக்கும், பல எக்ஸ்போஷர்களிலிருந்து ஒரு காட்சியின் மெய்யான ஒளியளவைக் கணக்கிட்டு மீட்கும் மார்க்கத்தை வெளியிட்டார்கள். மோசடிக்காக எவரும் இத்தனை கணிதம் போடுவதில்லை.

கேள்வி: சரி, எடுப்பது எப்படி? (வாசகர், ஸ்ரீவைகுண்டம்)

பதில்: காமிராவை ட்ரைபாடில் நிறுத்தி, அபர்ச்சர், ஐ.எஸ்.ஓ., ஃபோகஸ் ஆகியவற்றை அசையாமல் வைத்து, ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றி, நடுத்தரமாக ஒன்றும், 2 ஸ்டாப் குறைத்து ஒன்றும், கூட்டி ஒன்றும் எடுங்கள். படித்துறையில் குளிப்பவர் முதல் படத்தில் மூழ்கியும், இரண்டாவதில் எழுந்தும், மூன்றாவதில் தலை துவட்டியும் இருப்பார். மூன்றையும் அப்படியே சேர்த்தால் ஒரே ஆசாமி மூன்று ஆவியாகத் தோன்றுவார். வாக்காளர் பட்டியலில் நடக்கலாம், படத்தில் கூடாது. அவர் இருக்கும் பாகத்தை ஒரே படத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நிழல் முழுவதையும் வெளிச்சமாக்கினால் என்ன குற்றம்? (வாசகர், திருநெல்வேலி டவுன்)

பதில்: நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடை அல்வாவுக்கு வரிசையில் நிற்கும் ஊர்க்காரர் கேட்கிற கேள்வியா இது? வெயிலுக்கு ஒதுங்குகிறவனுக்கென்றே கட்டிய மண்டபத்தின் மூலைமுடுக்கெல்லாம் விளக்குப் போட்டு, எதிர்க்கரை வாழைத்தோப்புக்குக் கிளிப்பச்சை பூசி, மேகத்தின் விளிம்பில் வெள்ளை ஒளிவட்டமும் கட்டிவிட்டால், அந்தப் படம் கல்யாண வீட்டுப் பிளெக்ஸ் பானர் போலாகிவிடும். தூணின் உளிவேலை தெரியுமட்டும் நிழலைத் தூக்குங்கள். அதற்குமேல் ஒரு துளியும் வேண்டாம். இது என் அபிப்பிராயம். மாற்றிக்கொள்ளும் உத்தேசம் இல்லை.

கேள்வி: செல்போன் இதைத் தானாகவே செய்கிறதே, நீங்கள் எதற்கு? (வாசகர், மேலப்பாளையம்)

பதில்: செய்கிறது, ஒரு தட்டலுக்குள் பல படங்களை எடுத்து, தானே இணைத்தும் விடுகிறது. எவ்வளவு நிழல் மிச்சம் வேண்டும் என்று மட்டும் உங்களைக் கேட்பதில்லை. கேட்கத்தான் நான் இருக்கிறேன்.

கேள்வி: மழைக்காலத்தில் குறுக்குத்துறைக்கு வரலாமா? (வாசகர், கல்லிடைக்குறிச்சி)

பதில்: மேகம் கவிந்த நாளில் வெயில் நிழல் வித்தியாசம் தானே குறைவதால் பெரும்பாலும் ஒரு படமே போதும். ஆனால் 2023 டிசம்பர் வெள்ளத்தில் அங்குள்ள முருகன் கோயிலே நீரில் மூழ்கியது. அணை திறக்கும் அறிவிப்பு வந்தால், ட்ரைபாடை மடக்கிக்கொண்டு முதலில் மேட்டுக்கு ஏறிவிடுங்கள்.