செக்யூரிட்டிக்கு ஒரு போன் நுய்

சேலையூர், மாடம்பாக்கம் பக்கம் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் கல்லை விட்டெறிந்தாலும் பிரெஞ்சு படித்த ஒருவர் தலையில்தான் விழும். விக்தர் ஹ்யூகோவின் மேல் உள்ள பக்தியால் படித்தவர்கள் இல்லை. எல்லாம் மார்க் மகிமை. பிளஸ் டூவில் மொழிப்பாடத்துக்கு 200 மதிப்பெண் இருந்த காலத்தில், தமிழ் எடுத்தவன் செய்யுளும் இலக்கணமும் எழுதிக் கை வீங்கி 180-ல் மூச்சு வாங்குவான். பிரெஞ்சு எடுத்தவன் 'என் பள்ளிக்கூடம்' என்று பத்து வரி எழுதிவிட்டு 195-ல் வந்து நிற்பான். தமிழ் எடுக்காதவர்களின் முதலிடத்தை அரசு தனிப் பட்டியலில் போட்டது. 2017-ல் ரேங்க் அறிவிப்பையே நிறுத்திவிட்டார்கள். 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பு வரைக்கும் தமிழைக் கட்டாயமாக்கியது. பதினொன்றாம் வகுப்பில் கட்சி மாறுவதை எந்தச் சட்டம் தடுக்கும்?

பரீட்சை முடிந்த இரண்டாம் மாதத்தில் வினைச்சொற்கள் எல்லாம் ஆவியாகிவிடும். மிஞ்சுவது போன்ஜூர், மெர்சி, அப்புறம் "எங்க பொண்ணு ஃப்ரெஞ்ச்லாம் பேசுவா" என்கிற அம்மாவின் பெருமிதம்.

இந்தப் பக்கத்துக்குப் பிரெஞ்சு புதிதும் இல்லை. 1746-ல் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தார். அதே ஆண்டு அடையாற்றங்கரையில் ஆற்காட்டு நவாபின் மகன் மாபூஸ் கான் கொண்டுவந்த பெரும்படையைச் சிறு படையோடு பிரெஞ்சுக்காரர்கள் விரட்டியடித்தார்கள். 1759-ல் பரங்கிமலை வரைக்கும் வந்து சண்டை போட்டார்கள். பொழுது பார்த்து வாழ்த்துச் சொல்லிவிட்டுச் சுட்டதாக மட்டும் எங்கும் படித்ததில்லை.

ஆனால் சாதாரண நாளில் அவர்களுக்கு இந்தப் பொழுது விஷயம் ரொம்ப முக்கியம். காலையில் இருந்து சாயங்காலம் வரை போன்ஜூர். சுமார் ஆறு மணிக்கு மேல் போன்சுவார். எப்போது மாறுவது என்பதில் அவர்களுக்குள்ளேயே தகராறு உண்டு. பாரிஸில் ஜூன் மாதம் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகும், டிசம்பரில் ஐந்துக்கே கடையைக் கட்டிவிடும். பாவம், என்ன செய்வார்கள்? நம் சென்னையில் வருஷம் முழுக்க ஐந்தரைக்கும் ஆறே முக்காலுக்கும் நடுவில் பொழுது சாய்ந்துவிடும். போன்சுவார் சொல்வதற்கு இதைவிட ஒழுங்கான ஊர் உலகத்தில் கிடைக்காது. கொடுமை என்னவென்றால், அந்த நேரத்தில் தாம்பரத்தில் யாருக்கும் யாரையும் வாழ்த்தும் மனநிலை இருக்காது. ஆறு மணி பீச் வண்டியில் இருந்து இறங்கி, நடைமேம்பாலத்தில் முன்னால் போகிறவரின் டிபன் கேரியர் முழங்காலில் இடிக்க இடிக்க மேற்குப் பக்கம் வந்து சேர்ந்தவரிடம் "இனிய மாலை" என்று சொல்லிப் பாருங்கள்.

எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடிப் பையன் படித்த பிரெஞ்சு வீணாகவில்லை. சிறுசேரியில் வேலை, பிரெஞ்சுக்கார வாடிக்கையாளர்கள். கோடையில் நமக்கும் பாரிஸுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் நாலரை. அதனால் பகல் பன்னிரண்டுக்கு மேடவாக்கம் வழியாகப் போகும் ஆபீஸ் கேபில்தான் அவனுக்கு விடியும். கீழே இறங்கும்போதே வாயைப் பழக்கிக்கொள்ள, வாசலில் வடாம் காயவைக்கும் தரைத்தளத்துப் பாட்டிக்கு ஒரு போன்ஜூர் வைப்பான். அது குட் மார்னிங்தான் என்று யாரோ பாட்டிக்குச் சொல்லிவிட்டார்கள். "மணி பன்னெண்டாச்சு, இப்பத்தான் உனக்குக் குட் மார்னிங்காடா?" என்று அவர் கேட்பது ரெண்டாவது மாடி வரைக்கும் கேட்கும். இலக்கணப்படி பையன் பக்கம்தான் நியாயம். மத்தியானத்துக்கும் போன்ஜூர் செல்லும். பாட்டியிடம் இலக்கணம் செல்லாது.

இன்னொரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு போன்ஜூர்தான். அதே ஆளுக்கு மறுபடி சொன்னால், காலையில் பார்த்ததையே மறந்துவிட்டாய் என்று அர்த்தமாம். தவிர்க்க முடியாமல் எதிர்ப்பட்டால் 'ருபோன்ஜூர்' என்று சொல்லிச் சமாளிக்கிறார்கள். பூங்காவில் காலை நடை போகிறவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். எதிர்ச்சுற்றில் வரும் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரருக்கு முதல் சுற்றில் வாய் நிறைய வணக்கம் சொல்கிறோம். இரண்டாம் சுற்றில் புன்னகை. மூன்றாம் சுற்றில் தலையசைப்பு. நாலாம் சுற்றில் இருவரும் ஒரே நேரத்தில் செல்போனை எடுத்துப் பார்க்கிறோம்.

கடைக்கும் ஒரு விதி உண்டு. பிரான்ஸில் போன்ஜூர் சொல்லாமல் ரொட்டி கேட்டால் கடைக்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் வணக்கம் சொல்லி நின்றால், "எந்தக் கட்சிங்க?" என்பார்கள்.

மாண்ட்ரியால் கடைகளில் போன்ஜூரோடு ஹாயையும் சேர்த்து 'போன்ஜூர்-ஹாய்' என்கிறார்கள். அந்த ஹாயை விட்டுவிடும்படி 2017-ல் கியூபெக் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானமே போட்டது. "வெல்கம் மேடம், வாங்க மேடம்" என்று வரவேற்கும் நம் ஜவுளிக்கடைகள் அவர்கள் கையில் சிக்காதது அதிர்ஷ்டம்.

விடைபெறுவதில்தான் அவர்கள் பொழுதை நிஜமாகவே பொடிப்பொடியாக நறுக்குகிறார்கள். நாள் நன்றாகப் போக போன் ஜூர்னே. மாலை நன்றாகப் போக போன் சுவாரே. நாளில் பாதி போய்விட்டதா? மிச்சமிருக்கும் நாளுக்கு என்று தனியாக ஒன்று. வாரக்கடைசிக்கு ஒன்று. வேலைக்குப் போகிறவருக்குத் தைரியம் சொல்லி போன் கூராஜ். ஒன்றைச் சொன்னதும் மனுஷன் உடனே போய்விடுகிறான், அதுதான் ஆச்சரியம். நம் வீட்டு விருந்தாளி "அப்ப நாங்க கிளம்பறோம்" என்று எழுந்த பிறகுதான், வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு கல்யாண விஷயத்தையே ஆரம்பிப்பார்.

இத்தனையிலும் பார்த்துப் பயன்படுத்த வேண்டியது போன் நுய், அதாவது குட் நைட். இரவில் கிளம்பும் எல்லாரிடமும் சொல்லக்கூடாது. படுக்கப் போகிறவருக்கு மட்டும்தான். மூன்றாவது மாடிப் பையன் பதினொரு மணிக்குக் கேபை விட்டு இறங்கி, கேட்டைத் திறந்துவிடும் செக்யூரிட்டி அண்ணனிடம் தினமும் பாசமாக இதைச் சொல்லிவிட்டுத்தான் மாடி ஏறுகிறான். அசோசியேஷன் கூட்டத்தில் செயலாளர் இதற்கு ஆட்சேபம் தெரிவித்தார். ராத்திரி டியூட்டி பார்க்கிறவரிடம் போன் கூராஜ் என்றுதான் சொல்ல வேண்டுமாம். அவர் மகளும் பிரெஞ்சில் 195. அண்ணனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

"எனக்கு அந்த பாஷையெல்லாம் தெரியாது சார். தம்பி சொன்னா மரியாதைக்குத் தலையாட்டுவேன்" என்றார் அண்ணன்.

பாஷை தெரியாதவர்தான். ஆனால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் வந்து ஹாரன் அடித்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சாட்சி சொன்னார்கள்: எங்கள் குடியிருப்பிலேயே போன் நுய்யை அட்சரம் பிசகாமல் கடைப்பிடிக்கிற ஒரே ஆள் அவர்தான்.