அப்புத்தளை இரட்டை லயங்களில் வெளிச்சப் பங்கீடு: ஒரு பினரச் செடியை முன்வைத்து

பூச்செடிக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதில் அப்புத்தளைத் தோட்டங்களில் இரண்டு கொள்கைகள் நிலவுகின்றன. "நல்லா வெயில்ல வை" என்பது ஒன்று. "வெயில்ல வைக்காத, கருகிரும்" என்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே பாட்டி ஒரே செடிக்குச் சொல்வதுண்டு என்பதால், விஷயத்தை வானியலிடம் ஒப்படைப்பதே முறை.

ஆய்வுப்பொருள் பினர. தாவரவியலில் எக்சாகம் ட்ரைநெர்வியம் எனப்படும் இச்செடி இலங்கைக்கே உரியது. மலைநாட்டுப் புல்வெளிகளிலும் பாதையோர மண்மேடுகளிலும் யாரும் கேட்காமல் வளர்ந்து, செப்டம்பரை ஒட்டி ஊதா நிறத்தில் பூத்து, நடுவே மஞ்சள் மகரந்தப் பைகளைக் காட்டும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் இலங்கை எக்சாகங்களைக் கலந்து தொட்டிச் செடிகள் உருவாக்கியிருக்கிறார்கள். அப்புத்தளையில் தொட்டிக்குப் பதில் காலியான பால்மா டின். ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்காவில் செடி பிடுங்குவது குற்றம். ஆகவே இந்த ஆய்வு ரோட்டோரத்துச் செடிக்கு மட்டுமே பொறுப்பேற்கிறது.

டின் இருக்கும் இடம் இஸ்தோப்பு, அதாவது லயத்துக் காம்பராவின் முன்திண்ணை. உச்சி வெயிலின் ஒளி ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். காம்பராவுக்குள் சில நூறு லக்ஸ் தேறினால் பெரிது. இடைப்பட்ட சமரசமே இஸ்தோப்பு. ஆனால் எந்த இஸ்தோப்பு? இரட்டை லயத்தில் காம்பராக்கள் முதுகோடு முதுகு ஒட்டியவை. லயம் கிழக்கு மேற்காக நீண்டால் ஒரு குடும்பத்துக்கு வடக்கு வாசல், சுவருக்கு அந்தப் பக்கத்துக் குடும்பத்துக்குத் தெற்கு வாசல்.

ஐரோப்பியத் தோட்டக்கலை நூல்கள் "தெற்கு ஜன்னலில் வையுங்கள்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும். அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கில்தான். அப்புத்தளையோ நிலநடுக்கோட்டுக்கு 7 பாகைக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டுதோறும் ஊர்ப் பெயர்களோடு "சூரியன் உச்சம் கொடுக்கும்" என்று அறிவிக்கிறதே, அந்த அறிவிப்பில்தான் மர்மம் இருக்கிறது. ஏப்ரல் 7 வாக்கில் அப்புத்தளையின் தலைக்கு மேல் வரும் சூரியன் வடக்கே போய், செப்டம்பர் 5 வாக்கில் திரும்பத் தலையைக் கடந்து தெற்கே இறங்குகிறது. நண்பகல் வெயில் வடக்கு வாசலுக்குச் சுமார் 150 நாள். தெற்கு வாசலுக்கு 215 நாள்.

அநீதி இத்தோடு நிற்கவில்லை. கூரையின் ஓரம் ஏழடி உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். ஜூன் 21 நண்பகலில் வடக்கு இஸ்தோப்புக்குள் வெயில் இரண்டடி நுழையும். டிசம்பர் 21 அன்று தெற்கு இஸ்தோப்புக்குள் நான்கடி. நாளும் அதிகம், அடியும் இரட்டிப்பு. தெற்கு வாசல்காரர்கள் சந்தா கூடுதலாகக் கட்டுகிறார்களா என்றால், அதுவும் இல்லை.

இங்கே பருவமழை நடுவராக வருகிறது. தென்மேல் பருவத்தில், அப்புத்தளை இருக்கும் ஊவாவின் பெரும்பகுதி மழை மறைவில் கிடக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வறண்ட காற்று அடிக்கும். ஊவாத் தேயிலையின் பேர்போன மணம் அந்தக் காற்றின் உபயம். தெற்கு வாசலின் முறை வரும்போதோ அக்டோபர், நவம்பர், டிசம்பர் மழை. நான்கடி வெயில் நுழையத் தயார்தான், வானம் விட்டால். மூடிய வானத்தில் ஒரு லட்சம் லக்ஸ் பத்திருபதாயிரமாகிவிடும். பின்னேரத்து மூடுபனி மிச்சத்தையும் கழிக்கும். ஆக வடக்குக்குக் குறைந்த அளவில் தெளிந்த வெயில். தெற்குக்கு நிறைந்த அளவில் கலங்கிய வெயில்.

தேயிலைக்கு இந்தச் சங்கடமே கிடையாது. முள்முருங்கையை நிழலுக்கு வளர்த்து, வேண்டிய காலத்தில் கிளையை வெட்டி வெளிச்சம் விடத் தோட்டத்தில் ஆள் உண்டு. தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையமும் உண்டு. பால்மா டின்னுக்கு நிலையம் இல்லை, அக்காமாரும் தங்கச்சிமாரும்தான்.

ஆகவே டின் ஏப்ரலில் தெற்கிலிருந்து வடக்கே போய், செப்டம்பரில் திரும்ப வேண்டும் என்பதே ஆய்வின் முடிவு. நடைமுறையில் ஒரே சிக்கல்: செடி பூப்பதும் சூரியன் கட்சி மாறுவதும் ஒரே மாதத்தில். "அக்கா, டின்னக் குடுங்க, எங்க மொற வந்துருச்சு" என்றால், "பூ உதிரட்டும் தங்கச்சி, அப்புறம் எடுத்துக்க" என்ற பதில் வருவதற்கு வானியலில் விளக்கம் இல்லை.

கிழக்கு மேற்காக நீளாமல் மலைச்சரிவின் வளைவுக்கு வளைந்த லயங்களுக்கு இக்கணக்கு பொருந்தாது. ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு கிடைத்தவர்களுக்கு இரண்டு வாசலும் சொந்தம். டின்னை வீட்டைச் சுற்றி ஆண்டுக்கு இரு தடவை தூக்கினால் போதும். ஆனால் மழைக்குப் பயந்து வடக்குப் பக்கம் கூரைத் தகரத்தை இன்னும் ஓரடி வெளியே நீட்டினால், ஜூன் மாதத்து இரண்டடி வெயில் ஓரடி பின்வாங்கும். கணக்கை முதலிலிருந்து போட வேண்டும்.